ஒலி தேடிப் போவதா, பாடம் கேட்கப் போவதா: இசையமைப்பாளருக்கு எந்தப் பயணம்?

கொஞ்சம் பணமும் சில வாரங்களும் கையில் சேர்ந்ததும் இசையமைப்பாளர்கள் பலர் முதலில் டிக்கெட் பார்க்கிறார்கள். எதற்காகப் போகிறோம் என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வருகிறது. பயணம் இசைக்கு உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லாப் பயணமும் ஒரே உதவியைச் செய்வதில்லை. ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்துகொண்டு வருவது ஒன்று. ஓரிடத்தில் தங்கி ஒரு வாத்தியாரிடம் கற்பது இன்னொன்று. அறை எடுத்து உட்கார்ந்து ட்யூன் போடும் கம்போசிங் பயணம் மூன்றாவது. வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராவோடு பதிவு செய்யப் போவது நான்காவது. முதலாவதில் ஒலி கிடைக்கும், இரண்டாவதில் இலக்கணம், மூன்றாவதில் நேரம், நான்காவதில் ஆட்கள். உங்கள் இசையில் இப்போது எது குறைகிறதோ அதற்குத்தான் பணம் போக வேண்டும்.

இந்தக் கட்டுரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஐந்தாறு வருடம் வேலை செய்து, கைப்பழக்கத்தில் ஒரே மாதிரி ட்யூன்கள் வரத் தொடங்கிவிட்ட ஒருவருக்கு இரண்டாவது வழிதான் சரி. ஆனால் பெரும்பாலோர் முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அது சுலபம் என்பதால்.

பதிவுப் பயணம்

ஏழு முதல் பத்து நாள் போதும். பலனும் உடனே கைக்குத் தெரியும். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் சித்திரை முதல் ஆடி வரை கோயில் கொடைகள் (ஊர்க் கோயில் திருவிழாக்கள்) நடக்கும்போது போனால் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கணியான் கூத்து மூன்றையும் ஒரே சுற்றில் கேட்டுவிடலாம். ஆனால் கொடை இரவிலேயே நல்ல பதிவு கிடைத்துவிடும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பந்தலைச் சுற்றிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பின்னால் ஜெனரேட்டர் ஓடும். அதன் உறுமல் தாளக் கருவிகளின் அடி ஒலியோடு கலந்துவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோல் கருவி இரண்டு இருக்கும்; உச்ச மகுடமும் மந்த மகுடமும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதுதான் கேட்க வேண்டியது. அந்தப் பதிவில் இரண்டும் ஒரே இரைச்சலாக விழும்.

கொடையில் கேளுங்கள், யார் கை நன்றாக இருக்கிறது என்று பாருங்கள், அட்வான்ஸ் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, காற்று எழும்பாத காலை நேரத்தில் தனியாக வைத்துப் பதிவு செய்யுங்கள். தென்னந்தோப்பு நிழலாக இருக்கிறதே என்று அங்கே போக வேண்டாம். ஓலைச் சத்தம் மென்மையான இடத்திலெல்லாம் கேட்கும். அறுப்பு முடிந்த வயல் நல்லது. எதிரொலி இல்லாத உலர்ந்த ஒலி கிடைக்கும், எந்தக் கூடத்தின் எதிரொலி வேண்டுமோ அதைப் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்துக்கொள்ளலாம்.

பறையை எடுத்துக்கொள்வோம். தோலைத் தீயில் காய்ச்சி இறுக்கினால்தான் ஸ்ருதி ஏறும். ஆற ஆற இறங்கும்; ஈரக்காற்று அடித்தால் இன்னும் வேகமாக இறங்கும். காய்ச்சியவுடன் பதிந்த அடியையும் அரைமணி கழித்துப் பதிந்த அடியையும் ஸ்டுடியோவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டு வேறு பறைகள் போல இருக்கும். அதனால் சாம்பிள் (பிறகு கீபோர்டில் வாசிக்கத் தனித்தனி அடிகளின் பதிவு) எடுப்பதானால் ஒரே காய்ச்சலுக்குள் முடித்துவிட வேண்டும். பறையின் இரண்டு குச்சிகளில் அடிக்குச்சி தனியாக, சிண்டுக்குச்சி தனியாக, இரண்டும் சேர்ந்து. ஒவ்வொன்றிலும் மெல்ல, நடுத்தரம், ஓங்கி என்று மூன்று பலம். ஒவ்வொரு பலத்திலும் எட்டு அடி. மொத்தம் 72 அடி. அடிக்கு நான்கு நொடி விட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எட்டு அடி கேட்பதற்குக் காரணம் உண்டு: ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் மெஷின் வாசிப்பது எந்தக் காதுக்கும் தெரிந்துவிடும்.

மைக் இரண்டு முதல் மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். அளவு -12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் அளவே பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறார்கள். மைக்கின் உள்ளேயே ஒலி தாங்காமல் உடைந்தால் எந்த பிட்டும் காப்பாற்றாது. பறைக்கும் தவிலுக்கும் மிக அருகில் வைத்தால் அதுதான் நடக்கும். மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் உறை வயல்காற்றைத் தடுக்காது, ரோமம் வைத்த உறை தனியாக வாங்க வேண்டும். 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். 96-க்குப் போனால் 2 ஜிபி. ஒலியை மெதுவாக்கி ஸ்ருதியை ஓர் ஆக்டேவ் இறக்கிப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் 96 தேவை. இல்லாவிட்டால் 48 தாராளம்.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஊர், தேதி, கலைஞர் பெயர், ஸ்ருதிக் கட்டை ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். நாதஸ்வரம் என்றால் முதலில் ஆதார ஷட்ஜத்தைப் பத்து நொடி பிடிக்கச் சொல்லுங்கள். யாரும் வாசிக்காத இடத்தின் ஒலி ஒரு நிமிடமாவது வேண்டும், வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் அதைத்தான் நிரப்புவோம். பாடல் வகையைப் பொறுத்துக் கேட்கும் முறையும் மாறும். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடப் பலர் சம்மதிக்க மாட்டார்கள்; வெளியே இடம் பார்த்துவிட்டுப் பேச்சை எடுப்பதுதான் மரியாதை.

பணமும் உரிமையும் தெளிவாக இருக்க வேண்டும். பாட்டு யாருக்கும் சொந்தமில்லாத மரபுப் பாட்டாக இருக்கலாம். பாடிய பாட்டு பாடியவருடையது. 1957-ஆம் ஆண்டுக் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவருக்குத் தனி உரிமை தருகிறது, அது 50 ஆண்டு நிற்கும். 2012 திருத்தம் அவருடைய பெயரைப் போட வேண்டும் என்பதையும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்பதையும் சேர்த்தது. ஆகவே ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, இருவரும் கையெழுத்திட வேண்டும்: எந்தப் பாட்டு, எதில் பயன்படும், எவ்வளவு பணம், பெயர் எப்படி வரும். பயணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியாவது கலைஞர் கைக்குப் போகவில்லை என்றால் திட்டத்தை மறுபடி போடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் இந்தப் பயணத்தில் கிடைப்பது நிறம் மட்டும்தான். திரும்பி வந்தவர் தன் பழைய ட்யூனின் மேல் பறை லூப்பை ஒட்டுவார்; கீழே அதே நாலு கார்டு ஓடிக்கொண்டிருக்கும். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக் 1906 முதல் சக இசையமைப்பாளர் கொடாயோடு சேர்ந்து ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஹங்கேரிய கிராமங்களில் அலைந்தார். 1913-இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்கும் 1936-இல் துருக்கிக்கும் போனார். ஒரு மெழுகு உருளையில் சில நிமிடங்கள்தான் பிடிக்கும். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு அசைவையும் ஸ்வரப்படுத்திய வேலைதான் அவருடைய இசையை மாற்றியது. நாட்டார் இசை ஒரு படைப்புக்குள் வரும் வழிகளை அவர் மூன்றாகச் சொன்னார்: பாட்டை அப்படியே எடுத்துப் பக்க இசை எழுதுவது, அதே மாதிரி புதிதாகப் பாட்டுக் கட்டுவது, பாட்டே இல்லாமல் அதன் மூச்சு மட்டும் இசையில் வருவது. மூன்றாவதற்குப் போக வேண்டுமானால் ஒரு மணி நேரப் பதிவுக்கு வீட்டில் ஆறு மணி நேரமாவது உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த நேரம் உங்களிடம் இல்லையென்றால் பதிவுப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

போகாமலே கேட்க முடியுமா என்றும் பார்க்கலாம். 1889 பாரிஸ் கண்காட்சியில் ஜாவாவின் கமலான் (வெண்கலத் தாள வாத்தியங்கள்) குழுவைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி, ஜாவாவுக்குப் போனதே இல்லை. 1903-இல் அவர் எழுதிய ‘பகோட்ஸ்’ பியானோ இசையில் அந்தக் கேட்பு இருக்கிறது. பொங்கலையொட்டிச் சென்னையில் நடக்கும் சங்கமம் விழாவில் பல மாவட்டக் கலைகள் சில நாட்களுக்குள் வந்துபோகின்றன. எந்தக் கலை உங்களை இழுக்கிறது என்று தெரியாதவர் முதலில் அங்கே நின்று கேட்டுவிட்டு, பிறகு ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம்.

ஓரிடத்தில் தங்கிக் கற்பது

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1970 கோடையில் கானாவுக்குப் போனார். லெகோனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஈவே இனத்தின் தேர்ந்த முரசுக் கலைஞரான கிடியன் அலோர்வோயியிடம் பாடம் கேட்டார். ஒவ்வொரு வகுப்பையும் டேப்பில் பதிந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டி, அடி அடியாக எழுதினார். மலேரியா வந்ததால் ஐந்து வாரத்தில் திரும்ப நேர்ந்தது. அடுத்த ஆண்டு முடித்த ‘டிரம்மிங்’ படைப்பில் ஆப்பிரிக்க வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. பாங்கோ, மரிம்பா, கிளாக்கன்ஸ்பீல், குரல்கள், பிக்கலோ அவ்வளவுதான். ஐந்து வாரப் பாடத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அடுக்குகள் எப்படி ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன என்ற கட்டமைப்பை. ஒலிகள் ஊரிலேயே இருந்தன.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதர் சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கி இந்துஸ்தானி இசையைக் கேட்டவர். திரும்பி வந்தபின் திருவானைக்காவின் அப்புலிங்கத்தின் (நீர் லிங்கத்தின்) மேல் ‘ஜம்பூபதே’ பாடியபோது யமுனாகல்யாணியில் பாடினார். தலம் காவிரிக்கரை, ராகம் கங்கைக்கரையில் கேட்டது, உருப்படியோ முழுக்க அவருடைய கர்நாடகக் கட்டுமானம்.

இந்த வழிக்கு நான்கு முதல் ஆறு வாரம் தேவை; அதற்குக் குறைந்தால் விருந்தாளியாகவே திரும்புவீர்கள். ஒரு வாத்தியம், ஒரு வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரிடம் போனால் ஒரே சொல்லை இரண்டு விதமாகச் சொல்லிக் கொடுப்பார்கள், எது பாணி எது அடிப்படை என்று பிரித்தறிய உங்களுக்கு இன்னும் காது வந்திருக்காது.

தஞ்சாவூர்ப் பக்கம் தவில், நாதஸ்வரம் கற்கப் போகிறவர்கள் மாதத்தைப் பார்த்துப் போக வேண்டும். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களில் எந்த நல்ல வித்துவானும் வீட்டில் இருக்க மாட்டார். நான்கு நாள் பாடம், ஏழு நாள் இடைவெளி என்று காலம் போய்விடும். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் வேலை வரும். மார்கழிதான் தோது. விடியற்காலைக் கோயில் சேவகம் முடிந்தால் பகல் முழுக்க ஓய்வு இருக்கும். வகுப்புக்கு இவ்வளவு என்று பேசுவதைவிட அந்த மாதம் அவருடைய நேரத்துக்கு ஒரு தொகை என்று பேசி, முதல் நாளே தாம்பூலத்தோடு பாதியைக் கொடுத்துவிடுவது இருவருக்கும் நிம்மதி.

ஒரு மாதத்தில் தவில் வாசிக்க வராது. வலந்தலையை (வலது முகத்தை) வாசிக்க விரல்களில் போடும் கூடு பழகவே வாரங்கள் ஆகும், தொப்பியை (இடது முகத்தை) அடிக்கும் கழி பிடித்த கை வலிக்கும். இசையமைப்பாளருக்கு வர வேண்டியதும் அதல்ல. தாளத்தைச் சொல்லாகச் சொல்லும் சொற்கட்டு வாயில் வர வேண்டும். தினம் ஒரு மணி நேரம் பாடம். அதைப் பதிந்து, பாதி வேகத்தில் கேட்டு, கையில் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பார்க்க இரண்டு மணி நேரம். எழுத ஒரு மணி நேரம். முதல் வாரம் ஐந்து நடைகளும் (திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம்) ஆதி தாளத்தில் தடுமாறாமல் சொல்ல வர வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பீர நாட்டையில் சாகித்யமே இல்லாமல் ஓடும் அந்த உருப்படியை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) திஸ்ரத்திலும் சொல்ல வந்துவிட்டால், ஒரு மெட்டு தாளத்தின் மேல் எப்படி விரிந்து சுருங்குகிறது என்பது உடம்பில் ஏறிவிடும். அதைத் தெரிந்துகொண்டவர் அதன்பின் கிடாருக்கு எழுதினாலும் எழுத்து மாறியிருக்கும்.

மூன்றாவது வாரத்தில் சோர்வு வரும். புதிதாக எதுவும் ஏறாது, ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று தோன்றும். கிளம்ப வேண்டாம். அந்த வாரத்தில் புதுப் பாடம் கேட்காமல் பழையதை மட்டும் வாத்தியார் முன்னால் சொல்லிக் காட்டுங்கள். இன்னொன்று, அங்கே இருக்கும்போது கம்போஸ் செய்யாதீர்கள். பாதி புரிந்த நடையை உடனே ட்யூனில் போட்டால் அந்தப் பாதிப் புரிதலே பழக்கமாகிவிடும்.

இதன் ஆபத்து எதிர்ப்பக்கத்திலும் உண்டு. கனடாவில் பிறந்த காலின் மெக்ஃபீ கமலான் ரெக்கார்டுகளைக் கேட்டு 1931-இல் பாலிக்குப் போனார். இடையில் வெளியே போய் வந்தாலும் 1938 வரை அதுவே அவர் வீடு. 1936-இல் எழுதிய ‘தபூ-தபூவன்’ அருமையான ஆர்க்கெஸ்ட்ரா இசை. அதன்பின் பல ஆண்டுகள் அவர் பேனாவிலிருந்து இசை அதிகம் வரவில்லை. பாலி இசையைப் பற்றிய பெரிய ஆய்வு வந்தது, அது மகத்தான வேலை. ஆனால் இசையமைப்பாளர் ஆய்வாளராகிவிட்டார். கிளம்பும் முன்பே திரும்பும் தேதியையும், திரும்பியபின் மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டிய ஒரு படைப்பையும் தீர்மானித்துக்கொள்வது இதற்காகத்தான். ஒரு நாட்டிய நிகழ்ச்சியாக இருக்கலாம், ஒரு குறும்படமாக இருக்கலாம். யாராவது அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

கம்போசிங் பயணம்

டைரக்டரும் இசையமைப்பாளரும் கொடைக்கானலுக்கோ மாமல்லபுரத்துக்கோ போய் அறை போட்டு ட்யூன் போடுவது தமிழ்த் திரையுலகில் நெடுநாள் வழக்கம். இது இசையைப் புதிதாக்காது, இருக்கிற வேலையை முடிக்கும். செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் 1892 முதல் 1895 வரை நியூயார்க்கில் கன்சர்வேட்டரி இயக்குநராக இருந்தார். 1893 கோடை விடுமுறையில் ஐயோவாவில் செக் மக்கள் குடியேறிய ஸ்பில்வில் என்ற சிற்றூருக்குப் போய், ‘அமெரிக்கன்’ குவார்டெட்டை ஜூன் 8-இல் தொடங்கி 10-க்குள் வரைவை முடித்து, 23-க்குள் முழுதாக எழுதிவிட்டார். சொந்த மொழி பேசும் ஆட்கள், தொந்தரவில்லாத காலைகள், ஏற்கெனவே மனதில் ஊறிக் கிடந்த விஷயம் மூன்றும் சேர்ந்தால் அப்படி நடக்கும். மனதில் எதுவும் ஊறாமல் போனால் மலையைப் பார்த்துவிட்டு வரலாம்.

நான்கு ட்யூன் வேண்டுமானால் ஐந்து நாள் போதும். முதல் நாள் எப்படியும் வீணாகும். 25 கீ கீபோர்டு, லேப்டாப், மூடிய ஹெட்போன், ஒரு ரெக்கார்டர் எடுத்துக்கொண்டால் சரி. ஸ்பீக்கர் வேண்டாம், ஓட்டல் அறையின் எதிரொலியில் அடி ஒலி பொய் சொல்லும். மலைப் பனியில் தோல் வாத்தியங்கள் தளர்ந்துவிடும், ஆர்மோனியமும் ஊருக்குத் திரும்பும்வரை சரியாகப் பேசாது. மின்சாரம் ஏறி இறங்கும் இடமானால் லேப்டாப் பேட்டரியிலேயே வேலை செய்வது நல்லது. தனியாகப் போகிறவர் டைரக்டரின் சூழல் விளக்கத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போகட்டும். “இன்னும் கொஞ்சம் ஃபீல்” என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தால் ஐந்து நாளும் போய்விடும்.

கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இடம் தரும் வெளிநாட்டு ரெசிடென்சிகளும் இந்த வகைதான். அமெரிக்காவின் மெக்டவல் 1907 முதல் நடக்கிறது; ஸ்டுடியோ, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு, கட்டணம் கிடையாது. ஸ்வீடனின் விஸ்பியில் இசையமைப்பாளர்களுக்கென்றே ஒரு மையம் உண்டு. விண்ணப்பத்தில் முக்கியமானது நீங்கள் அனுப்பும் இசை மாதிரிதான். திரைப்பாட்டின் முழு மிக்ஸை அனுப்புவதைவிட, குரல் இல்லாத, உங்கள் எழுத்து தெரிகிற ஒரு வாத்திய இசையை அனுப்புவது மேல். கேட்பவருக்கு முதல் ஒரு நிமிடத்திலேயே ஆள் தெரிய வேண்டும்.

ஆர்க்கெஸ்ட்ராவோடு பதிவு

இளையராஜாவின் சிம்பொனி வடிவத் திருவாசகம் 2005-இல் வந்தது, ஆர்க்கெஸ்ட்ரா புடாபெஸ்ட்டுடையது. இன்று புடாபெஸ்ட், ப்ராக், ஸ்கோப்யே ஆர்க்கெஸ்ட்ராக்களை நடுத்தர பட்ஜெட் படங்களும் அணுகுகின்றன. நேரில் போவதா, இணையம் வழியாக வீட்டிலிருந்தே கேட்பதா என்பதுதான் இப்போது உண்மையான தேர்வு.

எப்படிச் செய்தாலும் தயாரிப்பு ஒன்றுதான். மணிக்கு நான்கு, ஐந்து நிமிட இசை பதிவாகும் என்று கணக்கு வையுங்கள். அதற்கு மேல் நம்பினால் கடைசி ட்ராக் அவசரத்தில் கெடும். ஒருவர் பார்த்து வாசிக்கும் தாளில் (பார்ட்டில்) தவறான ஷார்ப் குறி இருந்து, அதைக் கண்டுபிடிக்க மூன்று நிமிடம் போனால் 40 பேருக்கு மூன்று நிமிடச் சம்பளம் போயிற்று. எல்லாப் பார்ட்டிலும் ஒவ்வொரு பாருக்கும் எண், பக்கம் புரட்டும் இடத்தில் ஓய்வு, காதில் ஓடும் தாள க்ளிக்கின் தொடக்கத்தில் இரண்டு பார் வெற்று எண்ணிக்கை இவை கட்டாயம். ஸ்ருதியை முன்னாலேயே கேளுங்கள். அங்கே பல இடங்களில் A ஸ்வரத்தை 442 ஹெர்ட்ஸில் சேர்க்கிறார்கள். சென்னையில் 440-இல் பதிந்த வீணையோடு அதைச் சேர்த்தால் ஏறத்தாழ எட்டு சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகும், தனியாகக் கேட்டால் தெரியாது, சேர்ந்து நீண்ட ஸ்வரம் பிடிக்கும்போது புளிக்கும். 440 வேண்டும் என்று எழுத்தில் சொல்லிவிட்டால் சேர்த்துத் தருவார்கள்.

ஸ்வரத்தை அசைத்துப் பிடிக்கும் கமகம்தான் பெரிய இடறல். தோடியின் காந்தாரத்தை மேற்கத்திய ஸ்டாஃப் கோடுகளில் எழுதினால் அவர்கள் அசையாத ஒரு ஸ்வரத்தை வாசிப்பார்கள், அது தோடியே அல்ல. அசைவைப் பொடிப் பொடி ஸ்வரமாக எழுதிக் கொடுத்தாலும் சரளமாக வராது. நீண்ட ஸ்வரங்களையும் ஹார்மனியையும் ஆர்க்கெஸ்ட்ராவிடம் கொடுத்துவிட்டு, ராகத்தின் பேச்சைச் சென்னை வயலின் வித்துவானிடம் விடுவதுதான் நடைமுறையில் நிற்கிறது.

முதல் முறை நேரில் போங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1791-இலும் 1794-இலும் லண்டனுக்குப் போனார். தன் முன்னால் உட்கார்ந்திருந்த வாசிப்பவர்களையும் கேட்பவர்களையும் பார்த்துத்தான் ‘லண்டன் சிம்பொனிகள்’ எனப்படும் பன்னிரண்டையும் எழுதினார். 1791-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹேண்டலின் ஆரட்டோரியோக்களை (பாடகர் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த நீண்ட படைப்புகளை) பெருங்குழு பாடக் கேட்டார். 1798-இல் அவருடைய ‘படைப்பு’ ஆரட்டோரியோ வந்தது. பத்து வயோலாக்கள் சேர்ந்து மெல்ல இழுக்கும்போது அறையில் என்ன நடக்கிறது என்பது சாம்பிளில் வராது. அதை ஒருமுறை உடம்பில் வாங்கியவர் அடுத்த ஸ்கோரில் வயோலாவுக்கு வேறு மாதிரி எழுதுவார். இரண்டாவது முறையிலிருந்து வீட்டிலிருந்தே கேட்டால் போதும். புடாபெஸ்ட் நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருப்பதால், அவர்களுடைய காலை பத்து மணி செஷன் இங்கே மதியம்தான்.

சொந்த வாத்தியத்தோடு பறக்கிறவர்கள் கிளம்பும்போதே கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி வரும். தந்தம் பதித்த பழைய வீணை இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு, இரவல் வீணையோடு போங்கள். தந்தம் எந்த எல்லையிலும் பறிமுதலாகலாம்.